எதிர்வீடு தெரியாத தொலைநோக்கி

நான் முப்பத்தொரு வருடம் நின்ற கடைக்கு ஒரு சிறப்பு மலர் போடப் போகிறார்களாம். "மணியேட்டா, ஒரு பக்கம் எழுதித் தரணும். நல்ல ஓர்மைகள் மட்டும் மதி" என்று ஷிபு போனில் சொன்னான். நான் நின்ற கவுண்டரில் இப்போது நிற்பவன் அவன். மலையாளத்தில் கேட்டான். நான் தமிழில் தருகிறேன் என்றேன்.

"தமிழை இங்கே ஆரு ஏட்டா வாசிக்கப் போறா?"

அவன் கேட்டது நியாயம்தான். மட்டாஞ்சேரியில் மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசுகிற வீடு எங்களுடையது. என் மகனே பஸ் பலகையை மலையாளத்தில்தான் படிக்கிறான். இருந்தாலும் தமிழில் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். நல்ல நினைவுகள் மட்டும் போதும் என்ற நிபந்தனையைத்தான் காப்பாற்ற முடியுமா என்று தெரியவில்லை.

ஷிபு இன்னொன்றும் கேட்டான். இப்போதெல்லாம் செல்போனில் விரலை வைத்தால் தானே திரும்பி நட்சத்திரத்தைக் காட்டுகிற தொலைநோக்கி வந்துவிட்டது. வாங்க வருகிறவர்கள் எல்லோரும், "சின்னதா, கையில எடுத்துட்டுப் போறாப்பல, நல்லதா ஒண்ணு" என்கிறார்களாம். "நீங்க அந்தக் காலத்துல என்ன சொல்லிக் கொடுப்பீங்க?" என்றான். நாங்கள் ஒன்றும் சொல்லமாட்டோம், படி ஏறச் சொல்வோம் என்றேன். கிழவனுக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பான்.

கடை ஒரு பழைய மிளகுக் கிடங்கு. கீழே வியாபாரம், மேலே சரக்கு அறை. கப்பல்காரர்களுக்குத் திசைகாட்டியும் பைனாகுலரும் விற்றுக்கொண்டிருந்த இடத்தில், முதலாளி சேட்டு ஒருநாள் வானம் பார்க்கும் தொலைநோக்கிகளையும் கொண்டுவந்து இறக்கினார். "கப்பல்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், நட்சத்திரம் தினமும் வரும்" என்பது அவர் நியாயம். சேட்டு குஜராத்திக் குடும்பம் என்றாலும் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரியில்தான். கொச்சியில் வருடத்தில் பாதி நாள் நட்சத்திரத்துக்கு விடுமுறை என்பது அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், அண்ணாந்து பார்க்க அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

முதல் இரண்டு வருடம் நான் கற்றுக்கொண்டது பூஞ்சை. இங்கே வில்லையின் எதிரி மேகம் அல்ல, உப்புக் காற்றும் ஈரமும்தான். நன்றாகப் பொத்தி வைத்த கருவியைத்தான் பூஞ்சை முதலில் பிடிக்கும். கண்ணாடிக்குள் வெள்ளை வேர் ஓடியிருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனி மரத்துப்போன பிறகுதான் என்னைக் கவுண்டரில் நிற்க விட்டார் டிக்ரூஸ் சார்.

டிக்ரூஸ் சார்தான் அந்தக் கவுண்டரின் தலைவர். ஒரு காலத்தில் சரக்குக் கப்பலில் இரண்டாம் அதிகாரியாக இருந்து, நட்சத்திரத்தை அளந்து கப்பல் நிற்கும் இடத்தைக் குறித்தவர். கரைக்கு வந்த பிறகு அவர் வானத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை. கேட்டால், "சம்பளம் தந்த காலத்துல பார்த்தாச்சு" என்பார். எப்போதும் வெள்ளைச் சட்டை, மேல்பையில் ஒரு பென்சில். எந்தத் தொலைநோக்கியையும் நல்லது என்று அவர் சொல்லமாட்டார். கெட்டது என்றும் சொல்லமாட்டார். நான் அவரோடு நின்ற அத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைதான் அந்த வழக்கத்தை மீறினார்.

வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை பவர்?" மூக்குக் கண்ணாடி வாங்கிப் பழகிய ஜனம். பெட்டியின் மேலும் ஐந்நூறு மடங்கு, அறுநூறு மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பான். "பவர் வேணும்னா கரண்ட் ஆபீசுக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டு டிக்ரூஸ் சார் திரும்பிக்கொள்வார். விளக்குவது என் வேலை. குழாயின் வாய் எத்தனை அகலமோ அத்தனை வெளிச்சம். வெளிச்சம் இல்லாமல் பெரிதாக்கினால் சின்னக் கலங்கல் பெரிய கலங்கலாகும், அவ்வளவுதான் என்பேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி, எத்தனை பவர்?" என்பார்கள்.

அடுத்தது பென்சில். கடையின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் காயலுக்கு அப்பால் துறைமுகத்துக் கிரேன் தெரியும். தொலைநோக்கியை அதன்மேல் நிறுத்தி, வாங்குகிறவரைப் பார்க்கச் சொல்லிவிட்டு, டிக்ரூஸ் சார் குழாயில் பென்சிலால் ஒரு தட்டு தட்டுவார். படம் ஆடும். ஆட்டம் நிற்கும்வரை அவர் எண்ணுவார். மூன்றுக்குள் நின்றால் பேச்சு மேலே போகும். நிற்காவிட்டால், "இதுல நட்சத்திரம் டான்ஸ் ஆடும்" என்று மூடிவைப்பார்.

பிறகு மூன்று கேள்வி. "எங்கே வைப்பீங்க? எத்தனை படி ஏறணும்? ஆரு தூக்குவா?"

பதில் எதுவானாலும் அவர் நம்பமாட்டார். சரக்கு அறைக்குப் போகும் மரப்படியைக் காட்டுவார். இருபத்துமூன்று படி, செங்குத்து, கைப்பிடிக்கு ஒரு கயிறு. வாங்க நினைக்கிற பெட்டியை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டுக் கீழே வரவேண்டும். அதற்குப் பிறகுதான் பில். மேலே போனவர்களில் பலர் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெறுங்கையோடு இறங்கி, "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று நடையைக் கட்டினார்கள். பெட்டியை இறக்குவதும் என் வேலைதான்.

"டிக்ரூஸ், நம்ம நடத்துறது கடையா, ஜிம்மா?" என்று சேட்டு தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கப்பல்காரர்கள் டிக்ரூஸ் சாரைத் தேடித்தான் வந்தார்கள் என்பதால் அடித்துக்கொள்வதோடு நிறுத்திக்கொள்வார்.

ஒருமுறை ஆலுவாவிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். கடையிலேயே பெரியது வேண்டும் என்றார். படி ஏறச் சொன்னபோது டிரைவரைக் கூப்பிட்டார். டிரைவர் நல்ல தடியன், சிட்டாக ஏறி இறங்கிவிட்டான். விதிப்படி தப்பில்லை, பில் போட்டோம். அடுத்த வருடம் அதே பெட்டி பழுதுக்கு வந்தது. குழாய்க்குள் ஒன்றும் தெரியவில்லையாம். திறந்து பார்த்தேன், பல்லி முட்டையிட்டிருந்தது. டிரைவர் வேலையை விட்டு வளைகுடாவுக்குப் போன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. அன்றைக்கு விதியில் ஒரு திருத்தம் வந்தது. பார்க்கிறவர்தான் தூக்க வேண்டும்.

இனி வசந்தா டீச்சர். "நான் டீச்சர் இல்லை, லேப் அசிஸ்டன்ட்" என்று சொல்லிக்கொண்டேதான் கடைக்குள் வந்தார், ஏதோ பொய்ச் சாட்சியைத் திருத்துகிற மாதிரி. தோப்பும்படிப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை. சொந்த ஊர் பாலக்காடு, தமிழ்க் குடும்பம், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்திரண்டு வயது. தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் திருத்தினார். தெருவும் விடவில்லை, அவரும் விடவில்லை.

"எதைப் பார்க்கணும் டீச்சர்?" என்றேன்.

"சனி. வளையத்தோட. இருபத்தாறு வருஷமா நான் சாமான் எடுத்து வெச்சு, மைக்ராஸ்கோப்புக்கு விளக்கு சரிபண்ணி, வேறே ஆளுங்களுக்குப் பார்க்கக் கொடுக்கறேன். ஒண்ணையாவது நானே முதல்ல பார்க்கணும் ஏட்டா. அவ்வளவுதான்."

டிக்ரூஸ் சார் பென்சிலைக் கீழே வைத்தார். அவரிடம் அது பெரிய மரியாதை.

டீச்சர் பெரிய முக்காலிக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஒன்பதாவது படியில் நின்றார், யோசித்தார், இறங்கிவிட்டார். அலமாரியில் குட்டியாக ஒன்று இருந்தது. உருண்டையான கட்டைக் குழாய், துணிப்பையில் போட்டால் வெளியே தெரியாது. அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, விலைச்சீட்டைப் பார்த்ததும் இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்தார். மூன்றாவது, நடுத்தரம். அடியில் கண்ணாடி வைத்த குழாய், முக்காலி கிடையாது, ஒரு வட்டப் பலகைமேல் உட்கார்ந்திருக்கும். ஸ்டூல் மேல் வைத்தால் போதும். அதை எடுத்துக்கொண்டு நிற்காமல் ஏறி, நிற்காமல் இறங்கி, "இன்னொரு தடவை போய்ட்டு வரவா?" என்றார். யாரும் அப்படிக் கேட்டதில்லை. பில் போட்டோம்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். "வளையம் இருக்கு" என்றார். சரக்குப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுச் சொல்கிற குரல். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. எத்தனையோ விற்றிருக்கிறேன், சரக்கு உள்ளே இருக்கிறது என்று திரும்பி வந்து சொன்னவர் அவர் ஒருவர்தான்.

நாலு மாதம் கழித்து அவருக்குப் பதிலாகக் கருணாகரன் வந்தார். அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், அந்தச் சந்தின் ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் செக்ரட்டரி. டீச்சர் குடியிருக்கும் மாடிக்கு நேர் எதிர்வீடு. கையில் நோட்டுப் புத்தகம்.

"ஒரு ஸ்திரீ மொட்டை மாடியில டெலஸ்கோப் வெச்சிருக்கா. வீடுகளுக்கு உள்ளே பார்க்கறதாத் தெருவெல்லாம் பேச்சு. இதால வீடு தெரியுமா தெரியாதான்னு கடை எழுதித் தரணும்."

விஷயம் விளையாட்டல்ல. வீட்டுக்காரி கதீஜாம்மா கீழ்வீட்டில் இருந்தார். ராவுத்தர் குடும்பம், அவரும் தமிழ்தான். நல்ல மனுஷி, ஆனால் அசோசியேஷனைப் பகைத்துக்கொண்டு தெருவில் காலம் தள்ள முடியாது. பேச்சு அடங்காவிட்டால் மாதக் கடைசியில் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். மட்டாஞ்சேரியில் தனியாக வாழும் பெண்ணுக்கு வாடகை அறை கிடைப்பதே அபூர்வம். அதோடு ஒரு மொட்டை மாடியும் சேர்ந்து கிடைப்பது சனியின் வளையத்தைவிட அபூர்வம். அறை போனால் வானமும் போய்விடும்.

டிக்ரூஸ் சார் எழுதித் தர மறுத்தார். "காகிதம் வேண்டா. ஆளுங்க பார்க்கட்டும். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணிக்கு மணி வருவான்."

சனிக்கிழமை நான் பரீட்சைக்குப் படித்தேன். அதே மாதிரிக் கருவி ஒன்றை ஜன்னலில் வைத்தேன். கிரேன் துல்லியம், தலைகீழாகத் தொங்கினாலும் துரு வரை தெரிந்தது. பக்கத்துக் கிடங்கின் சுவரைப் பார்த்தேன். சந்துக்கு அந்தப்புறம், பத்தடி பதினைந்தடி இருக்கும். ஒன்றும் இல்லை, கரைத்துவிட்ட சுண்ணாம்பு மாதிரி. பொருள் கிட்டே வர வர, கண் வைக்கும் வில்லை குழாயைவிட்டு வெளியே வரவேண்டும். இந்தக் கருவியில் திருகு ஓர் அளவுக்கு மேல் வெளியே வராது. ஆக, எதிர்வீடு தெரியாது. ஐம்பதடிக்கு அப்பால் உள்ள வீடுகளெல்லாம் நன்றாகத் தெரியும். கூச்சல் போட்டவர் எதிர்வீட்டுக்காரர். தெரியக்கூடிய வீட்டுக்காரர்கள் வாயே திறக்கவில்லை.

கூடவே ஒன்று கண்டேன். வில்லையைப் பிடித்திருக்கும் சின்னத் திருகாணியைத் தளர்த்தி, வில்லையைக் கையால் கொஞ்சம் வெளியே இழுத்துப் பிடித்தால், கிடங்குச் சுவரின் ஒவ்வொரு செங்கல்லும் வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். டிக்ரூஸ் சார் என் பின்னால் நின்றிருந்தார். வில்லையை உள்ளே தள்ளித் திருகாணியை இறுக்கினார்.

"நாளைக்குக் கேட்டதுக்குப் பதில் மதி. கேக்காததுக்கு வேண்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அந்த மாடியில் ஏழு பேர். டீச்சர் ஓரமாகக் கைகட்டி நின்றார், அவர் பள்ளியில் பரீட்சை நடக்கும்போது அப்படித்தான் நிற்பாராயிருக்கும். கருவியை எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேரே திருப்பினேன். கருணாகரன் குனிந்து பார்த்தார். திருகை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் ஓட்டினார்.

"இதா என் ஜன்னல்?"

"அதேதான் சார்."

"மஞ்சளா ஏதோ கலங்குது."

"உங்க கர்ட்டன் சார்."

அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. கூடவே ஒரு ஏமாற்றமும். இத்தனை நாள் யாரோ தன்னைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்த மனிதர். யாரும் பார்க்கவில்லை என்பது எல்லோருக்கும் உடனே இனிக்காது. மற்றவர்களும் வரிசையாகப் பார்த்தார்கள். ஆனால் பார்த்துவிட்டு என்னை ஒவ்வொருவராகத் தனியே இழுத்துக் கேட்டதுதான் வேடிக்கை. ஒருவர், தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்பக்கம் தெரியுமா என்றார். இன்னொருவர், சமையலறையில் ஆண் வேலை செய்தால் தெரியுமா என்றார். டீச்சர் வானத்தில் என்ன பார்க்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கருணாகரன் நோட்டைத் திறந்தார். "அப்போ இதால வீடொண்ணும் தெரியாது. அப்படித்தானே?"

கேட்டதுக்குப் பதில். "எதிர்வீடு தெரியாது சார். நீங்களே பார்த்தீங்க."

அவர் நோட்டில் எழுதினார்: வீடுகள் தெரியாது. ஒருமையைப் பன்மையாக்கிவிட்டார். நான் திருத்தவில்லை. அறை தப்பியது என்று நினைத்தேன். கதீஜாம்மா சாயா கொண்டுவந்தார். ஒரு வாய்தான் குடித்திருப்பேன்.

"அது தப்பு" என்றார் டீச்சர்.

நான் சாயா கிளாஸைக் கீழே வைத்தேன்.

"வீடுகள் தெரியும். மணியேட்டனுக்கும் அது தெரியும். தூர இருக்கற வீடு நல்லாவே தெரியும். வந்து பாருங்க." குழாயைத் திருப்பி, சந்தின் கடைசியில் தேவைக்கு மேல் பளபளத்த ஒரு மாடியின்மேல் நிறுத்தி, திருகைச் சரிசெய்துவிட்டு விலகி நின்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்காகத்தான் மறைத்தேன் என்று சொல்லிக்கொண்டாலும் வெட்கம் போகவில்லை. கோபமும் வந்தது. வலிய வந்த அதிர்ஷ்டத்தை இப்படியா காலால் தள்ளுவார்கள்?

கருணாகரன் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"தலைகீழாத் தெரியுது."

"ஆமாம். இதுல அப்படித்தான்."

"ஒரு ஆள் ஸ்டூல்ல இருக்கான். தலையில என்னமோ பூசறான்... அய்யோ, இது நம்ம வர்கீஸ் அல்லே!"

வர்கீஸ் அசோசியேஷனின் பொருளாளர். ஆலுவாவில் அக்காள் வீட்டுக்குப் போக வேண்டும், இன்றைக்கு வர முடியாது என்று சொல்லியிருந்தவர். ஆலுவாவுக்குப் போகாமல் மாடியில் உட்கார்ந்து தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அந்த மாடியில் ஒழுங்கு என்று ஒன்று இல்லை. "எங்கே, எங்கே" என்று ஏழு பேரும் முட்டி மோதினார்கள். கதீஜாம்மாவுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டார்கள். "அது சாயமேதான், நான் அப்பவே சொன்னேன்" என்றது ஒரு குரல். "மீசைக்கும் பூசறான்" என்றது இன்னொன்று. வர்கீஸ் முடிந்ததும் பக்கத்து மாடி. அங்கே யார் துணி உலர்கிறது, யார் வீட்டில் புது ஏசி வைத்திருக்கிறார்கள், போன வாரம் நின்றுபோன கல்யாணத்தின் பந்தல் கம்பு இன்னும் ஏன் கிடக்கிறது. கால் மணி நேரம் டீச்சர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நாலு மாசமா இது என் கையில இருக்கு. வர்கீஸ் சார் தலைக்குச் சாயம் பூசறது எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். நீங்க வந்து கால் மணி நேரம்தான் ஆச்சு."

கருணாகரன் குழாயிலிருந்து கண்ணை எடுத்தார். கதீஜாம்மாதான் முதலில் வாயைத் திறந்தார். "அறையை ஆரும் காலி பண்ண வேண்டாம். சாயா ஆறுது, குடிங்க." செக்ரட்டரி நோட்டில் எழுதியதை அடித்தார். புதிதாக எதையும் எழுதவில்லை.

இதுவரைக்கும் நல்ல நினைவு. ஷிபு இங்கே நிறுத்திக்கொள்ளலாம்.

திங்கட்கிழமையிலிருந்து அவர்கள் மாடிக்கு வர ஆரம்பித்தார்கள். முதலில் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் கருணாகரன். பிறகு அவர் மனைவி, மனைவியின் தங்கை. கதீஜாம்மா நாலு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போட்டார். சனியை எல்லோரும் ஒரு தடவை பார்த்து, "ஆ, வளையம்" என்றார்கள். அதோடு சனி தீர்ந்தது. பிறகு கப்பல் வேண்டும், எதிர்க்கரை வைப்பின் தீவில் கல்யாண வீட்டு விளக்கு வேண்டும். கருணாகரன் யார் எப்போது பார்க்கலாம் என்று நேரம் போட்டுச் சுவரில் ஒட்டினார். அதில் டீச்சருக்கு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஊர் சேர்ந்து துரத்தப் பார்த்தது, முடியவில்லை. ஊர் சேர்ந்து அன்பு காட்டியதில் அவர் தோற்றுப்போனார்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள் டீச்சர் பெட்டியோடு கடைக்கு வந்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"இதை எடுத்துக்கிட்டு அந்தச் சின்னதைத் தாங்க, மீதிப் பணத்தை மாசாமாசம் கட்டறேன். பையில போட்டா ஆருக்கும் தெரியக்கூடாது. வேலை முடிஞ்சு அப்படியே போட்டுல ஏறி வைப்பினுக்குப் போய்ட்டு வரேன். அங்கே கடற்கரையில என்னை ஆருக்கும் தெரியாது."

அவர் குரல் உடைந்தது. "நான் தனியாப் பார்க்கணும் ஏட்டா. வேறே ஒண்ணும் கேக்கலை."

டிக்ரூஸ் சார் படியைக் காட்டவில்லை. குட்டிக் குழாயை அவரே எடுத்துத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றை வைத்து, "பையைப் பொத்தி வைக்க வேண்டா, காத்துப் படணும்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்.

மாடியில் கருவி இல்லாமல் போனதும் சந்துக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. ஒரு வாரத்தில் கருணாகரன் வந்துவிட்டார். அசோசியேஷனே ஒரு தொலைநோக்கி வாங்குகிறதாம், அவர் மாடியில் வைப்பார்களாம்.

"சின்னதா, நல்லதா ஒண்ணு. டீச்சர் கொண்டுபோனாங்களே, அதே மாதிரி."

எனக்குத் திக்கென்றது. அந்தக் குட்டிக் குழாய் பார்ப்பதற்குத்தான் சாது. அதன் கண்ணாடியே உள்ளுக்குள் நகரும் என்பதால் பத்தடியில் இருக்கும் எறும்பைக்கூடத் தெளிவாகக் காட்டும். கருணாகரன் மாடியில் அது வந்தால், பத்தடியில் இருப்பது டீச்சரின் ஜன்னல். டிக்ரூஸ் சாரைப் பார்த்தேன். அவர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"எங்கே வைப்பீங்க?"

"என் மாடியில."

"எத்தனை படி?"

"பதினெட்டு."

மூன்றாவது கேள்வி வரவில்லை. டிக்ரூஸ் சார் உள்ளே போய், டீச்சர் திருப்பிக் கொடுத்த அதே கருவியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார். பென்சிலால் தட்டவில்லை. படி ஏறச் சொல்லவில்லை.

"இது நல்லது" என்றார்.

நான் சேட்டுவைப் பார்த்தேன், சேட்டு என்னைப் பார்த்தார். அந்தக் கவுண்டரில் அந்தச் சொல் அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை. கருணாகரனுக்கு அதன் அருமை தெரியுமா? "எத்தனை பவர்?" என்றார்.

"வேண்டியது உண்டு. ஒரே ஒரு காரியம்." டிக்ரூஸ் சார் அந்தச் சின்னத் திருகாணியைக் காட்டினார். "இதை மட்டும் தொடக் கூடாது. தளர்த்தினா உள்ளே பூஞ்சை வரும்."

கருணாகரன் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அவர் எழுதினால் அப்புறம் மாறமாட்டார்.

அந்தக் கருவி இன்றைக்கும் அவர் மாடியில்தான் இருக்கிறது. அதில் கிரேன் தெரியும், வைப்பின் தெரியும், வர்கீஸ் தெரியும். தெருவில் அதற்குத் தெரியாத ஒரே இடம் டீச்சரின் மாடி. வானம் தெளிந்த நாட்களில் பாதி நாள் அங்கேதான் அவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார், மீதி நாள் வைப்பின் கடற்கரையில். அவர் கையில் இருப்பதோ செக்ரட்டரியின் சட்டைப் பொத்தானை எண்ணக்கூடியது. எண்ணியிருக்கமாட்டார்.

டிக்ரூஸ் சார் இப்போது மகளோடு ஃபோர்ட் கொச்சியில் இருக்கிறார். போன மாதம் பார்த்தபோது, "திருகாணி?" என்று மட்டும் கேட்டார். "தொடலை சார்" என்றேன்.

தமிழில் எழுதும் காரணம் இப்போது புரிந்திருக்கும். கருணாகரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, வர்கீசுக்கும் தெரியாது. கதீஜாம்மா வாசிப்பார், சிரித்துவிட்டு மடித்து வைப்பார். எனக்குப் பயம் ஒரே ஒருவரிடம்தான். வசந்தா டீச்சர் தமிழ் நன்றாக வாசிப்பார். வாசித்த அன்றைக்கே சந்தைக் கடந்து போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, திருகாணியைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் வேறு வேலை பார்ப்பார்.

அதனால் அவருக்கு மட்டும் மலரை அனுப்ப வேண்டாம் என்று ஷிபுவிடம் சொல்லியிருக்கிறேன். அதை மலையாளத்தில் சொன்னேன்.